முடிந்தது என்று சொல்லக் கூடாத ஊர்

பொன்னாவரத்துக்குக் கடைசி பாஸ் வந்து சேர்ந்தது ஒரு முகூர்த்த நாளில், நல்ல பகல் வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க, பைபாஸ் ரோட்டோரமாக நடந்து. இரண்டு ஆள் உயரம், தலையில் எருமைக் கொம்பு, மார்பில் கறுப்புக் கவசம், கவசத்தின் இடுக்குகளில் கங்கு போலச் சிவப்பு வெளிச்சம். குறுக்கே தொங்கிய கேபிள் ஒயர்களில் கொம்பு மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவன் கம்பத்துக்குக் கம்பம் குனிந்து குனிந்து வந்ததைப் பார்த்து, ஊருக்கே வணக்கம் சொல்லிக்கொண்டு வருகிறான் என்று நினைத்தவர்கள் பதிலுக்குக் கும்பிட்டார்கள். யார், எந்த ஊர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவன் முகம்தான் ஏற்கெனவே பாதி வீட்டு வாசலில் தொங்கிக்கொண்டிருந்ததே.

அது ஃபிளெக்ஸ் கடைக்காரர் பார்த்த வேலை. கட்டுகிற வீட்டுக்குக் கண் பட்டுவிடக் கூடாதென்று மாட்டுகிற திருஷ்டிப் படத்தில், பழைய பூதத்தின் மீசையைப் பார்த்து இப்போது யாரும் பயப்படுவதில்லை, புதுசாக ஏதாவது போட்டுக் கொடு என்று ஆளாளுக்குக் கேட்கப்போக, எல்லாரும் போனில் விளையாடிக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்திலிருந்து ஒரு முகத்தை எடுத்துப் பெரிதாக்கி அவர் அச்சடித்துவிட்டார். அந்த ஆட்டத்தில் ஆடுகிறவன் மண் சுமந்து, கல் சுமந்து, ஆறு வெட்டி, மரம் வைத்து, ஓர் உலகத்தையே கட்டியெழுப்ப வேண்டும். கட்டி முடித்துக் கடைசிக் கல்லை வைத்த நிமிஷம், படைப்பைப் பிரித்துப்போட ஒருவன் வருவான், அவன் பெயர்தான் கடைசி பாஸ். பழைய பூதம் முடியாத வீட்டுக்குக் காவல் நிற்கும், இவனோ முடிந்ததைத் தேடி வருகிறவன், இந்த வித்தியாசத்தை யோசித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? முகம் பயங்கரமாக இருந்தது, மாட்டிக்கொண்டார்கள். இத்தனை வாசலில் தன் முகத்தைப் பார்த்தவன் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வந்ததில் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

வந்தவன் நேராகப் போனது சேர்மன் தணிகாசலத்தின் மச்சான் கட்டிய கல்யாண மண்டபத்துக்கு. அன்றைக்குத்தான் திறப்பு விழா, அப்போதுதான் நுழைவாசல் உச்சியில் கடைசி வேலையாகக் கலசம் வைத்துவிட்டு மேஸ்திரி இறங்கியிருந்தார். பாஸ் கையை நீட்டிக் கொய்யாப்பழம் பறிப்பதுபோல அந்தக் கலசத்தைப் பறித்துத் தரையில் வைத்தான். பந்தியில் இருந்தவர்கள் பாதி இலையில் எழுந்து ஓடினார்கள். சில நாளில் மண்டபத்தில் கதவில்லை, ஜன்னல் இல்லை, பிறகு தரையில் கல்லில்லை, பிறகு சுவரில்லை, கடைசியில் மண்டபம் இருந்த இடத்தில் எருக்கஞ்செடி முளைத்தது. அடுத்து புது நூலகம். பெயர்ப்பலகை மாட்டிய அன்று வந்து பலகையைக் கழற்றினான், மாதம் திரும்புவதற்குள் நூலகம் ஒரு மணல் குவியலாகி, அந்த மணல் குவியலும் காணாமல் போயிற்று. பாஸ் பிரிச்சிட்டாரு என்று ஊர் சொன்னது. நின்று பார்த்தவர் யாரும் இல்லை.

ஆனால் பொன்னாவரம் எதற்கும் பழகிக்கொள்கிற ஊர். கட்சிக்காரர்கள் வருக வருக என்று பேனர் கட்டினார்கள், சால்வை போர்த்தப் போனவர்களுக்கு எட்டாததால் ஏணி வைத்து ஒரு கொம்பில் சுற்றிவிட்டு இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள், அவன் உட்கார்ந்த பஸ் ஸ்டாண்ட் மூலையில் யாரோ சூடம் ஏற்றினார்கள், யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவன் முடிந்ததை மட்டும்தான் தொடுவான் என்று ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது, கண்டுகொண்டதும் எதையும் முடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது. கொத்தனார் கடைசிச் செங்கல்லை வைக்கவில்லை, தையற்காரர் ரவிக்கைக்குக் கடைசிக் கொக்கியைத் தைக்கவில்லை, சலூனில் ஒரு பக்கக் கிருதாவை எடுக்காமல் விட்டார்கள், தியேட்டரில் கிளைமாக்ஸுக்கு முன்னால் விளக்கைப் போட்டார்கள், கல்யாணத்தில் தாலிக்கு இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு மூன்றாவதை நாத்தனாரிடம் கடன் சொன்னார்கள், கருமாதி நடத்தாமல் செத்தவர்களைக் காக்க வைத்தார்கள். சாவு மட்டும் யாரையும் கேட்காமல் தன்பாட்டில் முடிந்துகொண்டிருந்தது. 'முடிஞ்சுது' என்ற சொல்லே ஊரில் கெட்ட வார்த்தை ஆனது. எதைக் கேட்டாலும் 'ஆயிக்கிட்டிருக்கு' என்றார்கள். ரோடு போடுகிறவர்கள், சாக்கடை கட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு மாடி எழுப்புகிறவர்கள் எல்லாருக்கும் கொண்டாட்டம், ஏனென்றால் வாழ்நாள் முழுக்க அவர்கள் செய்துவந்த காரியத்துக்கு இப்போதுதான் ஒரு காரணம் கிடைத்திருந்தது.

இந்திராணிக்கு முதல் கோபம் சாம்பாரில் வந்தது. அவள் பொன்னாவரம் நடுநிலைப் பள்ளியில் சத்துணவுச் சமையல்காரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரைமேட்டிலிருந்து தினமும் நரியாற்றில் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வருகிறவள். தாளித்த சாம்பார் முடிந்த சாம்பார், அதனால் இனிமேல் தாளிக்காமல் ஊற்று என்று தலைமையாசிரியர் வந்து சொன்னார்.

"கடுகு போட்டா பாஸு வந்துருவாரா சார்?"

"நீ பேசாம சொன்னதச் செய்யம்மா. எனக்கு மட்டும் ஆசையா?"

பிள்ளைகள் பச்சை வாசனை அடிக்கிற சாம்பாரைப் பிசைந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டன. இந்திராணி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள், எட்டாம் நாள் ஒரு குத்துக் கடுகையும் கறிவேப்பிலையையும் எண்ணெயில் பொரியவிட்டு அண்டாவில் கொட்டினாள். பாஸ் வந்தான். வந்து, சமையற்கட்டு வாசலில் குனிந்து, ஒரு கடுகை விரல் நுனியில் எடுத்துக்கொண்டு போனான். தலைமையாசிரியர் மயங்கி விழுந்தார். பிள்ளைகள் மிச்சச் சாம்பாரை ருசித்துச் சாப்பிட்டன. அண்டா இருந்த இடத்தில்தான் இருந்தது. அதைப் பற்றி யோசிக்க இந்திராணிக்கு அன்றைக்கு நேரமில்லை, அவளுக்கு மெமோ கொடுத்திருந்தார்கள்.

அவளுக்கு இருந்த கவலை வேறு. நரியாற்றின் மேல் ஒரு பாலம் இருந்தது. கரைமேட்டுக்காரர்கள் மனுக் கொடுத்து, மறியல் செய்து, அடிபட்டு வாங்கிய பாலம், இருபுறமும் கைப்பிடியோடு, வெள்ளையடித்து, நட்ட நடுவில் ஒரே ஒரு ஸ்லாப் மட்டும் போடாமல் நின்றது. இரண்டு ஆள் நீளத்துக்கு ஓட்டை. போட வேண்டிய ஸ்லாப் கரையில் ஆவாரஞ்செடிக்குள் கிடந்தது. பலகை போட்டு நடந்து பார்த்தார்கள். பலகை போட்டாலும் பாலம் முடிந்த மாதிரிதான், பாஸ் வந்துவிடுவார் என்று சேர்மனின் ஆட்கள் பலகையை எடுத்துப் போனார்கள். போன மழைக்கு, பாம்பு கடித்த அம்மாவை வைத்துக்கொண்டு இந்திராணி அந்தப் பாலத்துக்குக் கீழே நின்றாள். ஆறு கரை புரண்டு ஓடியது, பாலம் தலைக்கு மேலே ஓட்டையோடு நின்றது, அம்மா வாயில் நுரை தள்ளி அவள் மடியிலேயே போய்ச் சேர்ந்தாள். இப்போது மறுபடியும் ஐப்பசி வந்துவிட்டது, தங்கச்சி ஷர்மிளாவுக்கு இது நிறைமாதம்.

சேர்மன் வீட்டுக்குப் போனாள். வாசலில் சாரக் கம்பு நின்றது, திருஷ்டிப் படம் தொங்கியது. உள்ளே கால் வைத்தால் வழுக்கும் கிரானைட், தேக்கு ஊஞ்சல், ஒவ்வொரு அறையிலும் ஏ.சி. ஊரில் வசதியானவர்கள் எல்லாருமே அப்படித்தான் குடியிருந்தார்கள், வெளியே பூதத்தைக் காட்டிவிட்டு உள்ளே ஆணி வரைக்கும் முடித்துக்கொண்டு.

"உங்க வீட்ல என்னா பாக்கி, தலைவரே?"

"மாடியில ஒரு கைப்பிடிச் சுவர் பாக்கியிருக்குதும்மா. படம் மாட்டியிருக்கிறத பாத்தா தெரியல?"

"அப்ப இதே படத்த பாலத்துலயும் ஒண்ணு மாட்டிட்டு அந்த ஸ்லாப்ப போட்டுடுங்க. என் தங்கச்சிக்கு இந்த வாரமோ அடுத்த வாரமோன்னு இருக்குது. மழ புடிச்சிக்கிச்சின்னா எங்க கொண்டுகிட்டுப் போவன்?"

தணிகாசலம் ஊஞ்சலை நிறுத்தினார். "பாலம் கவர்மென்ட் சொத்து. அமைச்சர் வந்து திறக்கப்போறாரு. அதுல போயி பூதத்த மாட்டுவாங்களா? யோசிச்சுப் பேசணும்."

"எப்பத் திறப்பாரு?"

"முடிஞ்ச..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆனதும் திறப்பாரு. இந்தா பாரும்மா இந்திராணி, அந்த பாஸு பாலத்தோட நின்னா பரவால்ல. அங்க ஆரம்பிச்சு ஊருக்குள்ள வந்துட்டாருன்னா? இங்க எத்தினி குடும்பம் இருக்குது. நீங்க எத்தினி காலமா தண்ணியில இறங்கி வந்து போயிக்கிட்டிருக்கிறவங்க. இன்னும் கொஞ்ச நாளு பொறுக்க மாட்டீங்களா?"

எத்தினி காலமா. இந்திராணி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரும் குடிக்காமல் அந்தக் கிரானைட் தரையில் தன் சேற்றுக் காலடிகளை நன்றாக அழுத்திப் பதித்துவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த வாரம் வரைக்கும்கூட வானம் பொறுக்கவில்லை. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது நரியாறு ஏற்கெனவே செம்மண் நிறத்தில் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஷர்மிளாவுக்கு வலி எடுத்தது. இந்திராணி அன்றைக்கு அவளுக்காக லீவு போட்டு வீட்டில் இருந்தாள். பனிக்குடம் உடைந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது நம்ம கையில் இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று பிரசவம் பார்க்கிற அம்மாள் கையை விரித்துவிட்டாள். கயிற்றுக் கட்டிலில் போட்டு, மேலே தார்ப்பாய் போர்த்தி, ஷர்மிளாவின் புருஷன் ஜெயசீலனும் மற்ற ஆண்களும் பாலத்தின் ஓட்டை வரைக்கும் தூக்கிவந்து நின்றார்கள். 108 வண்டி அக்கரையில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. ஷர்மிளா வலியில் கட்டில் சட்டத்தைக் கடித்தாள்.

"ஸ்லாப்ப போடுங்க," என்றாள் இந்திராணி.

"யக்கா, பாஸு வந்து மொத்தப் பாலத்தயும் பிரிச்சிட்டான்னா?" என்றான் ஜெயசீலன்.

"பிரிச்சா பிரிக்கட்டும். நடக்க முடியாத பாலம் இருந்து யாருக்கு என்னா? எங்கம்மா இதுக்கு அடியில செத்தா. இவளும் இதும்மேல சாவணுமா? அந்த ஊருக்காரன் வீட்டுச் செவுரு வுழக்கூடாதுன்னு நாம நம்ம புள்ளைங்களை ஆத்துல வுடணுமா? தூக்குங்கடா, மானங்கெட்டவனுங்களா, தூக்குங்க. கேக்கறவங்ககிட்ட நான் பதில் சொல்லிக்கிறன்."

ஆவாரஞ்செடியை வெட்டி, கயிறு கட்டி, மூங்கில் கொடுத்து, ஆணும் பெண்ணுமாகக் கரைமேடே கூடி அந்த ஸ்லாப்பை இழுத்து வந்தது. மழை முகத்தில் அறைந்தது. ஓட்டையின் விளிம்பில் வைத்து நெம்பித் தள்ளினார்கள், அது ஒருமுறை முனகிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது, அத்தனை காலம் இரண்டு துண்டாகக் கிடந்தது ஒரே பாலம் ஆனது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அதன்மேல் கால் வைத்தபோது, அக்கரையில் மழைக்குள் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது.

பாஸ் பாலத்தின் ஊர்ப்பக்க முனையில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால், பயந்தவர்கள் நிற்கிற தூரத்தில், பொன்னாவரமே குடை பிடித்து நின்றது. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அவனைப் பார்த்ததும் தடுமாறினார்கள், நடங்க, நடங்க என்று இந்திராணி பின்னாலிருந்து தள்ளினாள். அவன் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி ஒதுங்கி, கட்டிலுக்கு வழிவிட்டான். ஓடிவரும் கிழவிக்காகப் பஸ்ஸை நிறுத்தி வைக்கிற டிரைவர் மாதிரி, கடைசி ஆள் தாண்டும்வரை காத்திருந்தான். வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஷர்மிளா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

இந்திராணி போகவில்லை. திரும்பி நடந்து பாலத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏய், உன்னத்தான். ஆட்டத்துல நீ எப்ப வருவ? எல்லாத்தயும் அனுபவிச்சு, ஆண்டு முடிச்ச பொறவு கடைசியில வருவ. எங்களுக்கு இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கல, எங்ககிட்ட எதுக்குய்யா வந்து நிக்கிற? ஒரு பாலம், ஒரு வாய் சாம்பாரு. உனக்குப் பிரிக்கறதுக்கு வேற எதுவும் கெடைக்கலையா?"

அவன் குனிந்தான். இரண்டு விரலால் அந்த ஸ்லாப்பை, அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலிருந்து, பட்டாணி உரிக்கிற சிரமம்கூட இல்லாமல் எடுத்துக் கரையில் வைத்தான். இந்திராணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிச்சப் பாலம் உதிர்வதற்காகக் காத்திருந்தாள். ஒன்றும் உதிரவில்லை. அவன் திரும்பி நடந்தான்.

"அவ்ளோதானா?"

பாஸ் நின்றான். பொன்னாவரத்தில் அவன் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான், அதுவரை அவனிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. "ஒரு கல்லை எடுத்தால் அது முடியாதது ஆகிவிடும்," என்றான், அந்த ஆட்டத்தின் பெரிய குரலில். "முடியாததில் எனக்கு வேலை இல்லை."

"அப்ப மண்டபம்?"

"கலசத்தை எடுத்தேன்."

"நூலகம்?"

"பலகையை எடுத்தேன்."

இந்திராணிக்கு அண்டா ஞாபகம் வந்தது, ஒரு கடுகு போக மிச்சம் நிறையச் சாம்பார் இருந்த அண்டா. அவள் ஊர்க் கூட்டத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். குடைகளுக்குக் கீழே கடப்பாரைகள் இருந்தன. கம்பி வெட்டுகிற மெஷின் இருந்தது. சேர்மன் மச்சானின் லாரி, பின்கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, பாலத்தை நோக்கி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. எவன் வீட்டு ஜன்னலில் நூலகத்துக் கம்பி இருக்கிறதோ, எவன் வீட்டுக் கூடத்தில் மண்டபத்துக் கல் பதித்திருக்கிறதோ, அவனெல்லாம் ஒவ்வொரு நாளும் சூடம் ஏற்றி, பாஸு பிரிச்சிட்டாரு, பாஸு பிரிச்சிட்டாரு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அழிக்க வந்தவன் எடுத்தது ஒரு கல். மிச்சத்தையெல்லாம் தின்றது ஊர்.

அவளுக்கு அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. "ஸ்லாப்ப திரும்பப் போடுங்க," என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினாள். "அவன் எடுத்தா திரும்பப் போடுங்க. எடுக்க எடுக்கப் போடுங்க. லாரி மட்டும் இதும்மேல ஏறக் கூடாது."

அன்று பொழுது சாயும்வரை அதுதான் நடந்தது. அவர்கள் போட்டார்கள், அவன் எடுத்தான், அவர்கள் போட்டார்கள். போடுவதற்கும் எடுப்பதற்கும் நடுவில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கடந்து போயின, பால்கேன்கள் கடந்து போயின, அத்தனை பேரும் தாண்டும்வரை அவன் ஒதுங்கி நின்றான். லாரிக்கு முன்னால் கரைமேட்டுப் பெண்கள் உட்கார்ந்துகொண்டார்கள். போலீஸ் ஜீப் வந்தது. கடப்பாரைக்காரர்களை விட்டுவிட்டு, பாஸை விட்டுவிட்டு, இந்திராணியைக் கூட்டிக்கொண்டு போனது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ.க்குப் பக்கத்தில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். உத்தரவில்லாமல் அரசாங்கப் பாலத்தை முடித்தது பெரிய குற்றம், வேலை போகும், ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும் என்று எஸ்.ஐ. சொன்னார். பிறகு சேர்மன் குரலை இறக்கிக்கொண்டார்.

"உனக்கு எதுக்கும்மா வம்பு? ஸ்லாப்ப யாரு போட்டதுன்னு தெரியாதுன்னு சொல்லிடு. பாஸு வந்து பாலத்த மொத்தமா பிரிச்சிட்டாருன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம். தங்கச்சிக்கு ஆம்பளப் புள்ளயாமே, ரெண்டு பேரும் நல்லா இருக்கிறாங்களாம். போயி புள்ளயப் பாரு."

இந்திராணி கண்ணை மூடித் திறந்தாள். பிள்ளை பிழைத்துவிட்டது. இனி யாருக்காகவும் அவசரப்பட வேண்டியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"அவன் பிரிச்சது ஒரு கல்லு. மிச்சத்த நீங்க எப்டி பாத்துக்குவீங்கன்னு மண்டபத்துல பாத்தாச்சு, நூலகத்துலயும் பாத்தாச்சு, தலைவரே. நான் சொல்றத எழுதிக்கோங்க சார். பாலம் முடிஞ்சுது."

வாசலில் நின்ற ஏட்டு காதைப் பொத்திக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மழையில் ஒண்டி நின்ற கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. ஒன்றரை வருஷமாக யார் வாயிலும் வராத அந்தச் சொல்லை அவள் இன்னொரு தடவை, நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"முடிஞ்சுது. நான்தான் முடிச்சன்."

எஸ்.ஐ.யின் பேனா காகிதத்தின்மேல் நின்றது. வாக்கியம் கடைசி எழுத்து வரைக்கும் வந்துவிட்டது, முற்றுப்புள்ளி வைக்க மட்டும் அவர் கை நகரவில்லை. தெருக்கோடியில் சிவப்பு வெளிச்சம் தெரிய ஆரம்பித்திருந்தது.

"புள்ளி வைங்க சார்," என்றாள் இந்திராணி. "அவன் வந்து எடுத்தா எடுக்கட்டும். நான் மறுபடியும் வைப்பன்."